எழுப்பும் உரிமை

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் ஏன் சுடுகிறது என்று கேட்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ராத்திரி 80 சதவீத சார்ஜோடு மூடுகிறோம், காலையில் திறந்தால் 12 காட்டுகிறது. சென்னையில் பஸ் ஏறி ஆரணியில் இறங்குவதற்குள் முதுகில் இஸ்திரிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரி ஆகிவிடுகிறது. பையைத் திறந்தால் உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் தொடாத மெஷின், தூங்குவதாகச் சொன்ன மெஷின், இருட்டில் தனியாக எதையோ செய்துகொண்டிருக்கிறது.

குடும்பத்தில் ஒருத்தன் சாஃப்ட்வேரில் இருந்தால் போதும், ஊரில் உள்ள அத்தனை லேப்டாப்பும் அவன் தலையில்தான். "கம்ப்யூட்டர்லதான வேலை செய்ற, இத இன்னான்னு பாரேன்" என்று கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போதே கேட்பார்கள். பார்ப்பேன். பெரும்பாலும் பத்து நிமிஷ வேலை. ஆனால் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. பத்தில் எட்டு மெஷினில் பழுது என்று எதுவுமே இல்லை. தன்னை உருவாக்கியவர்கள் சொன்னபடி அது நடந்துகொள்கிறது. தூக்கம் என்ற சொல்லின் அர்த்தத்தை நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள், நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த மாற்றத்தைப் பற்றியது. ஓய்வு என்று எதைச் சொல்லலாம் என்பதைப் பற்றியதும்கூட.

முதலில், கம்ப்யூட்டருக்குத் தூக்கம் எதற்கு? எங்கள் பெரியப்பா ஐம்பது வருஷமாகப் பட்டு நெய்தவர். இதை என்னைவிட நன்றாகக் கேட்டார்.

"அது தூங்குது தூங்குதுன்ற. தூங்கறதுக்கு இன்னாத்துக்குடா கரண்ட்டு?"

நியாயமான கேள்வி. பதில் 1970-ல் இருக்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் நினைவகம் என்பது சின்னச் சின்னக் காந்த வளையங்கள். மிளகைவிடச் சிறிய வளையங்களைக் கம்பியில் கோத்துச் சட்டத்தில் கட்டிய வலை. வளையத்தின் காந்தம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதுதான் தகவல். மின்சாரத்தை நிறுத்தினாலும் காந்தம் அப்படியே இருக்கும். அந்த வலைகளில் பெரும்பகுதியை, நெசவும் தையலும் பழகிய கைகளே கோத்தன. நிலவுக்குப் போன அப்பல்லோ கலத்தின் கணினிக்கு நிரலையே கம்பியில் நெய்தவர்கள், அமெரிக்காவின் வால்தம் நகரத் தொழிற்சாலையில் வேலைபார்த்த பெண்கள்.

1966-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்கு வேறொரு யோசனை வந்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், அதனோடு ஒரு துளி மின்னூட்டம். 1970-ல் இன்டெல் 1103 என்ற சில்லு சந்தைக்கு வந்தது. கொஞ்ச வருஷத்தில் காந்த வளையங்கள் காணாமல் போயின. விலை மலிவு, இடம் குறைவு, வேகம் அதிகம். ஒரே ஒரு குறை. அந்தத் துளி மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மாதிரி. ஆகவே வழக்கமாக ஒவ்வொரு 64 மில்லிநொடிக்குள்ளும் நினைவகம் முழுவதையும் ஒருமுறை வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். ஒரு நொடியில் பதினைந்து தடவைக்கு மேல், "இதுதான் நான், இதுதான் நான்" என்று மெஷின் தன்னைத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் மறந்துவிடும். மறதியுள்ள நினைவகத்தை நாம் தேர்ந்தெடுத்தோம். தூக்கம் என்ற ஏற்பாடு தேவைப்பட்டது அதனால்தான்.

இந்தத் தூக்கத்துக்கு ஒழுங்கான இலக்கணம் எழுதப்பட்டது 1996 டிசம்பரில். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்ற விதித்தொகுப்பு. அதில் எஸ்0 என்றால் முழு விழிப்பு. எஸ்1, எஸ்2 அரைத்தூக்கங்கள், அவற்றை விட்டுவிடலாம். எஸ்3 நாம் பல வருஷம் 'ஸ்லீப்' என்று அழைத்தது: பிராசசர், டிஸ்க், திரை எல்லாம் நின்றுவிடும், நினைவகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் போகும். எஸ்4 ஹைபர்னேட்: நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுவதும் நின்றுவிடும். எஸ்5 ஷட் டவுன்.

இந்தப் படிநிலைகளை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தாத்தாவிடம் பாடம் கேட்ட சைவ சித்தாந்தம். (இன்ஜினியரிங் படித்தவன் சித்தாந்தம் பேசினால் இரண்டு தரப்பும் முறைக்கும், பரவாயில்லை.) உயிர் கீழே இறங்கும் ஐந்து அவத்தைகளைச் சித்தாந்தம் சொல்கிறது: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். விழித்திருக்கும்போது உயிர் புருவநடுவில் 35 கருவிகளோடு இருக்கிறது. கனவில் கழுத்துக்கு இறங்கும்போது கண், காது முதலான ஐந்து அறிவுப் பொறிகளும், கை, கால் முதலான ஐந்து தொழிற் பொறிகளும் கழன்றுவிடுகின்றன, மிச்சம் 25. ஆழ்ந்த உறக்கத்தில் இதயத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றுதான். துரியத்தில் உந்தியில் இரண்டு. கடைசியில் மூலாதாரத்தில் புருடன் மட்டும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் எது எது அணைகிறது என்று கணக்கு வைத்த இந்தப் பட்டியலைப் பார்த்தால் மின்சிக்கனம் பார்க்கும் ஹார்டுவேர்காரன் எழுதியது போலவே இருக்கும்.

ஒப்புமைக்காக இதைச் சொல்லவில்லை. பண்டைக்காலத்திலேயே நம்மிடம் கம்ப்யூட்டர் இருந்தது என்று கிளம்பும் ஆட்களோடு எனக்குச் சகவாசமும் இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள வரிசைதான் என்னை நிறுத்தியது. முதலில் கழல்பவை பொறிகள். உலகத்தோடு தொடர்புள்ள வாசல்கள்தாம் முதலில் சாத்தப்படுகின்றன. நினைவும் மூச்சும் கடைசிவரை காவல் காக்கின்றன. உறக்கம் என்றால் என்ன என்று அந்த ஆசிரியர்கள் யோசித்தபோது, வெளியுலகம் உள்ளே வர முடியாமல் போவதுதான் முதல் படி என்று வைத்திருக்கிறார்கள். பழைய எஸ்3 தூக்கமும் ஏறக்குறைய இப்படித்தான். நெட்வொர்க் போய்விடும், திரை போய்விடும், நினைவு மட்டும் இருக்கும்.

மாறியது 2012-ல். விண்டோஸ் 8-உடன் 'கனெக்டட் ஸ்டாண்ட்பை' வந்தது. 2015-ல் விண்டோஸ் 10-உடன் அது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது. ஃபோன் எப்படி எப்போதும் தயாராக இருக்கிறதோ அப்படி லேப்டாப்பும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். மூடியைச் சாத்தினால் திரை அணையும். ஆனால் மெஷின் எஸ்0-விலேயே, அதாவது விதிப்படி விழிப்பிலேயே இருக்கும். சத்தம் காட்டாமல் குறைந்த மின்சாரத்தில். மெயில் வந்தால் வாங்கி வைக்கும், அப்டேட் வந்தால் இறக்கும். ஏதாவது ஒரு டிரைவர் சரியாக அடங்காவிட்டால் அதே விழிப்பில் பைக்குள்ளேயே கொதிக்கும். புதிதாக வரும் பல லேப்டாப்புகளில் எஸ்3 என்பதே கிடையாது, எடுத்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி' என்று அடித்து, ஸ்லாஷ் போட்டு 'ஏ' சேர்த்துப் பாருங்கள். உங்கள் மெஷினுக்கு எந்தெந்தத் தூக்கம் வாய்த்திருக்கிறது என்று சொல்லிவிடும். ஜாதகம் மாதிரி.

யோசித்துப் பாருங்கள். நினைவைக் காப்பாற்றுவது காரணம் என்றால் எஸ்3-யே போதும். அது ஒரு நொடியோ இரண்டு நொடியோ எடுத்து எழுந்துவிடும், விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். எஸ்3-யிலிருந்து எஸ்0-வுக்குப் போனதில் நமக்குக் கூடுதலாக ஒரு துளி நினைவும் கிடைக்கவில்லை. கூடுதலாகக் கிடைத்தது தொடர்பு. இன்னும் சரியாகச் சொன்னால், நம்மைத் தொடர்புகொள்ள மற்றவர்களுக்குக் கிடைத்த வசதி. சித்தாந்தத்தின் வரிசை தலைகீழாகிவிட்டது. முகம் மூடியிருக்கிறது, காது திறந்திருக்கிறது.

இதே மெஷினின் இன்னொரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 முதல், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் மெஷினில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது முழுதாக நிற்பதில்லை. இயங்குதளத்தின் கருவை மட்டும் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு படுக்கும், சீக்கிரம் எழ வேண்டுமே. உண்மையிலேயே முழுக்க நின்று புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். நிற்பதற்கான பட்டனில் நிற்பது இல்லை, திரும்பத் தொடங்குவதற்கான பட்டனுக்குள் ஒளிந்திருக்கிறது. விளங்காத பல பிரச்சினைகள் ரீஸ்டார்ட் கொடுத்ததும் போய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் ஹைபர்னேட்டின் பக்கம். இதற்குக் காரணம் தத்துவம் இல்லை, கரண்ட் கட். 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளில் பாதி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகள் வீடு வீடாக வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். என்னிடம் இருந்தது பேட்டரி செத்துப்போன பழைய மெஷின். ஸ்லீப்பில் போட்டுவிட்டுக் கரண்ட் போனால் எழுதியது எல்லாம் காலி. ஹைபர்னேட்டில் போட்டால் இரண்டு நாள் கழித்துக் கரண்ட் வந்தாலும் கர்சர் அதே எழுத்தின் பக்கத்தில் கண் சிமிட்டும். 'ஹைபர்ஃபில்' என்று ஒரு பெரிய கோப்பு டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இடம் போதவில்லை என்று நண்பர்கள் அதை நீக்கச் சொல்வார்கள். நான் நீக்கமாட்டேன். நின்றுபோவதற்குக் கொடுக்கும் வாடகை அது.

அந்த நாட்களில் ஆரணியில் கரண்ட் போனால் தெருவே அமைதியாகும் என்று நினைக்காதீர்கள். மிக்ஸி நிற்கும், டிவி நிற்கும், தறி நிற்காது. எமர்ஜென்சி விளக்கைத் தறிக்குமேல் கட்டித் தொங்கவிட்டு நெய்வார்கள். ஆரணிப் பட்டு என்று கடையில் வாங்குவது ஆரணியில் மட்டும் நெய்ததல்ல. ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டுக்குள்தான் தறி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்த குழந்தைகள் சத்தம் இருக்கும்வரை தூங்கும், தறி நின்றால் விழித்துக்கொள்ளும்.

தறி என்றதும் ஜக்கார்டு அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டர் பிறந்தது என்ற கதையை எதிர்பார்ப்பீர்கள். நூறு தடவை கேட்ட கதை. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அட்டை என்பது நிரல். எல்லோரும் நிரலையே பார்க்கிறார்கள். நெய்பவருக்கு முக்கியம் அட்டை இல்லை, பாதி நெய்த சேலை. எங்கே விட்டோம், எந்தப் பூ பாதியில் இருக்கிறது, ஜரிகை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் துணியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் மொழியில் அதற்கு நிலை என்று பெயர். எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், ஒரு சாவுக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வரலாம். நாடா வைத்த இடத்தில் இருக்கும். பாவு தன்னைத்தானே நொடிக்குப் பதினைந்து தடவை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நான் டிராம் நினைவகத்தை விளக்கி முடித்ததும் பெரியப்பா சொன்னது இதைத்தான்: "நான் வுட்டுட்டுப் போனா பாவு அப்டியேதான கீது. உன்து இன்னாடா, பக்கத்துலயே ஒருத்தன் குந்திகினு இருக்கணும்ன்ற."

ஒரு பாவு முடியும்போதும் தறி முழுதாகக் காலியாவதில்லை. பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை. பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை, உட்கார்ந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். அறுத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து கோப்பதைவிட அது எவ்வளவோ மேல். அடுத்த சேலைக்கான வழி, முந்தைய சேலையின் மிச்சத்தில் பாதுகாப்பாக நிற்கிறது.

ஆனால் தறியின் நிறுத்தமும் இலவசம் இல்லை. நெடுநாள் விடுவதென்றால் பாவின் இழுப்பைத் தளர்த்த வேண்டும், எலிக்கும் தூசிக்கும் பயந்து மூட வேண்டும். மழைக்கால ஈரம் பட்டை என்ன செய்யும் என்ற கவலை வேறு. திரும்ப உட்கார்ந்து நெய்யும்போது இழுப்பு ஒரு இம்மி மாறினால், விட்ட இடத்தில் துணியின் குறுக்கே மெல்லிய கோடு விழும். கைதேர்ந்தவர் அதைத் தெரியாமல் சமாளிப்பார். சமாளிக்க முடியாதபோது கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இங்க நிறுத்திட்டியா?" என்று கூலியில் கைவைப்பார். ஒரு மனுஷன் எழுந்துபோன தடத்துக்குச் சந்தையில் வைத்த பெயர், குறை.

ஹைபர்னேட்டிலும் அப்படி ஒரு கோடு விழுகிறது, கண்ணுக்குத் தெரியாத கோடு. மெஷின் எழும்போது தன் நினைவு முழுவதும் இருக்கிறது, ஆனால் தொடர்புகள் எல்லாம் அறுந்திருக்கின்றன. திறந்து வைத்த சர்வர் இணைப்பு போயிருக்கும், லாகின் காலாவதியாகியிருக்கும், விபிஎன் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கும். கடிகாரத்தைப் பார்க்கும்வரை தான் ஆறு மணி நேரம் இல்லாமல் போனதே அதற்குத் தெரியாது. ஜான் லாக் 1694-ல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில், நினைவின் தொடர்ச்சிதான் ஒரு ஆளை அதே ஆளாக்குகிறது என்ற வாதத்தைச் சேர்த்தார். அந்தக் கணக்கில் ஹைபர்னேட்டில் எதுவும் தொலையவில்லை. ஆனாலும் எழுந்ததும் பதற்றமாக இருக்கிறது. நமக்குப் பயம் நம்மை நாமே மறந்துவிடுவோம் என்பதில்லை. நாம் இல்லாத ஆறு மணி நேரத்தில் மற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதுதான்.

இந்த இடத்தில் தறியைக் காட்டி, பார் எவ்வளவு நிம்மதி என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது சுலபம். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுபவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். தறிக்கு எஸ்4 வாய்த்திருக்கிறது, சரி. நெய்பவருக்கு? கூலி சேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. முன்பணம் வாங்கியிருந்தால் வேறு முதலாளியிடம் போக முடியாது. பட்டும் ஜரிகையும் வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்புக்குக் காசு கிடையாது. வந்துவிட்டால் முகூர்த்த நாளைச் சொல்லி ராத்திரி பகலாக அடிக்கச் சொல்வார்கள். துணி நிம்மதியாக நின்றிருக்க, மனுஷன் ஸ்டாண்ட்பையில் இருக்கிறான். லேப்டாப்பில் நமக்கு நடந்தது அவர்களுக்கு முன்பே நடந்துவிட்டது, மின்சாரம் இல்லாமலே.

2020 மார்ச் கடைசியில் இரண்டும் ஒரே கூடத்தில் சேர்ந்தன. ஊரடங்கு. கர்நாடகத்திலிருந்து பட்டு வரவில்லை, சூரத்திலிருந்து ஜரிகை வரவில்லை, கல்யாணங்கள் தள்ளிப்போயின. பாதி நெய்த சேலைகள் தறியில் துணி போர்த்திக் கிடந்தன. அதே வீட்டுக்கு, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனி லேப்டாப்போடு பிள்ளைகள் வந்திறங்கினார்கள். தறிக்குழியின் ஓரத்தில் நாற்காலி, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் பக்கம் மேஜை. தறி மாதக்கணக்கில் நின்றது, லேப்டாப் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை. வேலை இல்லாதவரும் தூங்கவில்லை, வேலை இருந்தவனும் தூங்கவில்லை. யாரை எழுப்புவது, எப்போது எழுப்புவது என்பதை இரண்டு பேருக்குமே வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

'பவர்சிஎஃப்ஜி' கட்டளையில் இன்னொரு பிரிவு உண்டு. இந்த மெஷினை எழுப்ப எந்தெந்தச் சாதனங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பட்டியல் போட்டுத் தரும். கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு. கடைசியாக யார் எழுப்பினார்கள் என்றும் கேட்கலாம், இனிமேல் எழுப்ப யார் அலாரம் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக விழிக்கும் லேப்டாப்பைச் சரிசெய்ய இந்த மூன்று கேள்வியும் பெரும்பாலும் போதும். சாதனங்களின் பட்டியலைப் பார்த்து, டிவைஸ் மேனேஜரில் போய், 'கம்ப்யூட்டரை எழுப்ப இதற்கு அனுமதி' என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும்.

எழுப்பப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தறிச் சத்தத்தில் அசையாமல் தூங்கும் அம்மா, தொட்டிலில் குழந்தை முனகினால் எழுந்துவிடுகிறாள். அவள் உடம்புக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை அவளே எழுதினாள், அல்லது அன்பு எழுதியது, அல்லது இயற்கை. எது என்று சண்டை போடலாம். கம்பெனியின் ஐடி டிபார்ட்மென்ட் எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம். கம்பனின் கும்பகர்ணனை எழுப்பியவர்கள் அவனுக்காக எழுப்பவில்லை. எழுந்தவன் அண்ணனிடம், நீ செய்தது தவறு என்று சொல்கிறான். சொல்லிவிட்டு, தான் தொடங்காத போருக்குப் போய்ச் சாகிறான். தூக்கத்துக்கு உதாரணமாக அவனைச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு அவன், எழுப்பும் உரிமை அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்.

என் அலுவலக மெஷினில் அந்தப் பட்டியலை வாசிக்கலாம், மாற்ற முடியாது. டிக் இருக்கும் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஹைபர்னேட் என்ற சொல் மெனுவிலேயே இல்லை. பாதுகாப்பு அப்டேட்டுகள் ராத்திரியில்தான் போடப்படும், அதற்கு மெஷின் விழித்திருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பொய்யான காரணம் இல்லை. ஓட்டையுள்ள ஒரு மெஷின் மொத்த நெட்வொர்க்கையும் கவிழ்க்கும். ஆனால் அதே வாசல் வழியாகத்தான் பதினொன்றரை மணி மெசேஜும் வருகிறது. 'நாளைக்குப் பாத்தா போதும்' என்று முடியும் மெசேஜ். நாளைக்குப் பார்த்தால் போதும் என்றால் நாளைக்கே அனுப்பியிருக்கலாமே என்று நாம் யாரும் கேட்பதில்லை.

சட்டம் இந்த மூன்றாவது நிலையைத் தாமதமாகத்தான் கவனித்தது. வேலை நேரம், ஓய்வு நேரம் என்று இரண்டைத்தான் அது அறியும். பிரான்ஸில் 2017 ஜனவரி முதல் தொடர்பிலிருந்து விலகும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே 2018 இறுதியில் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்து, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சண்டை முக்கியமானது. ஆனால் அது மணிக்கணக்கைப் பற்றிய சண்டை. மூடிய மூடிக்குள் விழித்திருக்கும் நேரம் எட்டிலும் சேராது, பன்னிரண்டிலும் சேராது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் பேசியபோது அவர் சொன்ன எதிர்வாதம் வலுவானது. எல்லோரும் எஸ்4-க்குப் போய்விட்டால் ஆஸ்பத்திரி சர்வர் விழுந்தால் யார் எழுவது? புயல் ராத்திரியில் கம்பத்தில் ஏறும் லைன்மேன் ஹைபர்னேட்டில் இருந்தால் உன் ஃபேன் ஓடுமா? ஒருத்தன் நிம்மதியாகத் தூங்க இன்னொருத்தன் விழித்திருக்கத்தான் வேண்டும். உன் டிராம் நினைவகமே அப்படித்தானே, யாரோ கூட இருந்து ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

உண்மை. அதனால்தான் ஆன்-கால் முறையை நான் வெறுப்பதில்லை. இந்த வாரம் என் முறை, அடுத்த வாரம் உன் முறை. என் முறையில் ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பினால் எழுவேன், நல்ல இடமாக இருந்தால் அதற்குத் தனியாகக் காசும் உண்டு. அங்கே விழிப்புக்கு ஒரு பெயரும் ஒரு முடிவு நாளும் இருக்கின்றன. லைன்மேனுக்கும் ஷிஃப்ட் உண்டு, இருக்க வேண்டும். எஸ்0-வில் அது இல்லை. யாருடைய முறையும் இல்லாததால் எல்லோருடைய முறையும் ஆகிவிடுகிறது. நூறு பேர் அரைக்கண் மூடிக் கிடக்கிறார்கள். உண்மையில் தேவைப்பட்டது ஒருவர் மட்டும், முழுதாக விழித்திருந்தால் போதும்.

சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன், பந்தியில் கேட்டவர்களுக்குச் சொன்னதுதான். பவர்சிஎஃப்ஜியில் ஹைபர்னேட்டை 'ஆன்' செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியைச் சாத்தினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில், பேட்டரியில் இருக்கும்போதாவது ஹைபர்னேட் என்று வையுங்கள். 'ஸ்லீப்ஸ்டடி' அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் ராத்திரி எந்தப் புரோகிராம் எவ்வளவு நேரம் மெஷினை விழிக்க வைத்தது என்று வண்ணக் கோடுகளில் தெரியும். லினக்ஸ்காரர்கள் ஹைபர்னேட்டுக்கு ஸ்வாப் இடம் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு இருபது நொடி ஆகும். மீட்டிங்கில் அந்த இருபது நொடி நீளமாகத் தெரியும், சிலர் தொண்டையைச் செருமுவார்கள். செருமட்டும்.

அலுவலக மெஷினுக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஹைபர்னேட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை, மறுத்துவிடுவார்கள் என்று தெரியும். மூன்று விவரம் கேட்டிருக்கிறேன்: இந்த மெஷினை எழுப்பும் உரிமை யார் யாருக்கு இருக்கிறது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை, அதை யார் முடிவு செய்தார்கள். முதல் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது, 'சிக்கல் தீர்ந்ததா?' என்று. இல்லை என்று எழுதினேன். பிறகு அது ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறியது, அங்கிருந்து எச்ஆருக்கு, எச்ஆரிலிருந்து மறுபடி ஐடிக்கு. நேற்று ராத்திரி 11:40-க்கு ஒரு புதிய குறிப்பு சேர்ந்திருக்கிறது. இன்னும் திறந்து பார்க்கவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்.